கிர்க்கின் கைகள் செய்த காரியம்: ஸ்டார் டிரெக்கின் ஒரு கதையும் அதன் இரண்டு முடிவுகளும்

1960களின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான ‘ஸ்டார் டிரெக்’கின் மூலத் தொடரில் தனித்து உயர்ந்து நிற்கும் கதை எது, அதை எழுதியவரே ‘என் கதையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று வாழ்நாள் முழுவதும் சண்டையிட்டாரே, அந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்பது கேள்வி. முதல் பாதிக்கான விடையில் ரசிகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 1967 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ என்ற அத்தியாயம்தான் அது. முதல் பருவத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயம். எழுத்து ஹார்லன் எலிசன், இயக்கம் ஜோசப் பெவ்னி. இரண்டாம் பாதிக்குத்தான் நீண்ட விடை தேவைப்படுகிறது. ஏனெனில் தயாரிப்பாளர்கள் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய ஒன்று கதையை உயர்த்தியது என்பதும், அவர்கள் வெட்டியெறிந்தவற்றுள் ஒன்று ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதும் என் கருத்து.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாழடைந்த ஒரு கோளிலிருந்து எழும் கால அதிர்வுகள் எண்டர்பிரைஸ் விண்கலத்தைக் குலுக்குகின்றன. காயமடைந்த கல ஓட்டுநர் சூலுவுக்குக் கலத்தின் மருத்துவரான மெக்காய் ‘கார்ட்ரசின்’ என்ற வீரியமிக்க மருந்தைச் சிறிதளவு செலுத்துகிறார். அடுத்த குலுக்கலில் ஊசியில் மீதமிருந்த மருந்து முழுவதும் அவர் உடம்பிலேயே இறங்கிவிடுகிறது. எல்லோரும் தம்மைக் கொல்ல வருவதாக மருண்ட மெக்காய் கோளில் இறங்கி ஓட, கேப்டன் கிர்க்கும், வேற்றுக்கோள் இனத்தைச் சேர்ந்த அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் சிலரும் அவரைத் தேடிப் பின்தொடர்கிறார்கள். அங்கே இடிபாடுகளுக்கு நடுவே தானாக ஒளிரும் ஒரு கல் வளையம் நிற்கிறது. உங்கள் சூரியன் எரியத் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறேன் என்று அது பேசுகிறது. அதன் பெயர் ‘நித்தியத்தின் காவலன்’. வளையத்தின் நடுவே பூமியின் வரலாறு படமாக ஓடிக்கொண்டிருக்க, பிடியிலிருந்து தப்பிய மெக்காய் அதற்குள் பாய்ந்துவிடுகிறார். அந்தக் கணமே மேலே சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் இல்லாமற்போகிறது. பழைய காலத்தில் அவர் ஏதோ செய்திருக்கிறார். அதனால் இவர்கள் அறிந்த உலகமே உருவாகவில்லை.

அதைச் சரிசெய்யக் கிர்க்கும் ஸ்பாக்கும் மெக்காய் வந்து சேர்வதற்குச் சில நாட்கள் முன்னதாக, 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் குதிக்கிறார்கள். பங்குச் சந்தை சரிந்து சில மாதங்களே ஆகியிருந்த, வேலையற்றவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம். காயப்போட்டிருந்த துணிகளைத் திருடி மாட்டிக்கொண்டு, போலீஸ்காரரிடம் அகப்பட்டு, ஓடி ஒளிந்த இடம் எடித் கீலர் என்ற பெண் நடத்தும் அன்னசாலையின் நிலவறை. ஜோன் காலின்ஸ் நடித்த பாத்திரம் இது. மணிக்கு 15 சென்ட் கூலி, நாளுக்குப் பத்து மணி நேர வேலை, வாரம் இரண்டு டாலர் வாடகையில் ஓர் அறை என்று அவர் இவர்களுக்கு வழிசெய்கிறார். விண்மீன்களுக்கிடையே பறந்தவர்கள் துடைப்பத்தைப் பிடிக்கும் இந்தப் பகுதியில் நகைச்சுவை நிறைய உண்டு. ஸ்பாக்கின் கூரிய காதுகளுக்குக் கிர்க் போலீஸ்காரரிடம் சொல்லும் விளக்கம், இன்று பார்க்கும்போது சீனர்களைக் கேலிசெய்வதாக உறுத்துகிறது. அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பாக் தன் பதிவுக் கருவியில் காவலன் காட்டிய வரலாற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். அதை ஓட்டிப் பார்க்க ஒரு கணினி வேண்டும்; கையில் இருப்பதோ 1930இன் வானொலி வால்வுகளும் கம்பிச் சுருள்களும். அந்த அழுக்கு அறையில் கட்டிலைச் சுற்றிக் கம்பிகள் படர, அவர் ஒப்பேற்றும் கருவியின் சிறு திரையில் இரண்டு செய்தித்தாள் துணுக்குகள் தெரிகின்றன. ஒன்றில் எடித் கீலர் அதே 1930இல் சாலை விபத்தில் இறந்துபோகிறார். மற்றொன்றில் 1936இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைச் சந்தித்துப் பேசுகிறார். இரண்டும் நடந்திருக்க முடியாது. எடித் உயிரோடிருந்தால் அவருடைய சமாதான இயக்கம் வளர்ந்து, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தும். அந்த இடைவெளியில் ஜெர்மனி கனநீர் ஆய்வுகளை முடித்து முதல் அணுகுண்டைச் செய்து, வி-2 ராக்கெட்டுகளில் ஏற்றி உலகைப் பிடிக்கும். மெக்காய் செய்த ‘தவறு’ என்னவென்றால், வண்டியில் அடிபட இருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றியதுதான். இதற்குள் கிர்க் அவர்மீது காதல்கொண்டுவிட்டார்.

இதுவரை உள்ளதைத் திறமையான ஒரு கதைப் புதிர் என்று சொல்லலாம். அதை மேலே தூக்குவது ஒரு மாடிப்படிக் காட்சி. எடித் படியில் இடறுகிறார். கிர்க் சட்டென்று தாங்கிப் பிடிக்கிறார். காதலர்களுக்கிடையே இயல்பாக நடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி. எடித் போன பிறகு, மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்பாக், அவர் அந்த இடத்திலேயே இறந்திருக்கக்கூடும், நீங்கள் பிடிக்காமலிருந்திருந்தால், என்று நினைவூட்டுகிறார். இன்னும் நேரம் வரவில்லை, மெக்காய் வரவில்லை என்கிறார் கிர்க். அந்த நேரம் எது என்று நமக்கு உறுதியாகத் தெரியாதே என்று ஸ்பாக் மறுக்கிறார். மனம் சொல்கிறபடி செய்து அவரைக் காப்பாற்றினால், முன்பு சாகாத பல லட்சம் பேர் இனிச் சாவார்கள் என்றும் சொல்கிறார். ‘நண்பர் வாழட்டும், உலகம் சாகட்டும் என்று விட முடியுமா’ என்பதுபோன்ற பொதுவான தத்துவக் கேள்வி இந்தக் காட்சியில் உடம்பின் கேள்வியாக மாறிவிடுகிறது. விழுகிறவரைப் பார்த்தால் கை தானாக நீளும். அந்தக் கையைத்தான் அடக்க வேண்டும்.

கடைசிக் காட்சியில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். கிர்க்கும் எடித்தும் திரைப்படத்துக்குப் போகப் புறப்படுகிறார்கள். நடிகர் கிளார்க் கேபிள் பற்றி டாக்டர் மெக்காயும் கிர்க்கைப்போலவே ஒன்றும் அறியாமல் கேட்டார் என்று எடித் தற்செயலாகச் சொல்ல, கிர்க் திடுக்கிட்டு, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து ஓடுகிறார். அன்னசாலையின் வாசலில் மெக்காய் வெளிப்படுகிறார். மூன்று நண்பர்களும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு என்னவென்று அறியும் ஆவலில் எடித் சாலையைக் கடக்கிறார், லாரி வருகிறது. கிர்க் அவரை நோக்கி ஓரடி வைக்கிறார், ஸ்பாக் தடுத்துக் குரல் கொடுக்கிறார், கிர்க் உறைகிறார். மெக்காய் பாய்கிறார். அப்போது கிர்க் மெக்காயை இறுகக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார். லாரியின் பிரேக் சத்தமும் அலறலும் கேட்கின்றன. நமக்குக் காட்டப்படுவது கண்களை இறுக மூடிய கிர்க்கின் முகம். நான் அவளைக் காப்பாற்றியிருப்பேன், நீ என்ன செய்தாய் என்று தெரியுமா என்று மெக்காய் பதறிக் கேட்க, கிர்க்கால் பேச முடியவில்லை. அவருக்குத் தெரியும் டாக்டர், தெரியும் என்று ஸ்பாக் விடை சொல்கிறார்.

படியில் தாங்கிப் பிடித்த அதே கைகள் இங்கே காப்பாற்ற வந்தவரைத் தடுத்துப் பிடிக்கின்றன. எடித்தைக் கைவிடுவதாக மட்டும் இருந்திருந்தால் அது செயலற்று நிற்பதாக முடிந்திருக்கும். மெக்காயைப் பிடித்ததால் அது கிர்க் செய்த செயலாகிறது. அதிலும் பிடிபட்டவர் பகைவர் கிடையாது. நண்பர், மருத்துவர், ஒரு மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்ய முனைந்தவர். தீயவரே இல்லாத ஒரு சாலையில் ஒரு கொலைக்கு ஈடான காரியம் நடந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் வாராவாரம் தலைவன் வென்று வீடு திரும்பும் தொடர்கள் நிறைந்திருந்த 1967இல், ஐம்பது நிமிடக் கதைக்குள் இதைச் செய்துகாட்டியது சாதாரணக் காரியமன்று.

எலிசன் முதலில் எழுதியது இதுவன்று. 1966இல் அவர் எழுதிய திரைக்கதையில் மெக்காய்க்கு விபத்தே நேரவில்லை. விண்கலத்தில் பெக்வித் என்ற அதிகாரி போதைப்பொருள் விற்கிறான்; அதைக் காட்டிக்கொடுக்க முனைந்த சக ஊழியனைக் கொன்றுவிட்டுக் கோளுக்குத் தப்பி, கடந்த காலத்துக்குள் நுழைகிறான். முடிவில் எடித்தைக் காப்பாற்ற ஓடுபவனும் அவனே. கொலைகாரன் தன் வாழ்வில் ஒருமுறை நல்லது செய்ய முற்படுகிறான்; அந்த நல்லதைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. கிர்க்கால் அது முடியவில்லை. காதலின் முன் அவர் கடமை தோற்றுவிடுகிறது. ஸ்பாக்தான் பெக்வித்தைத் தடுக்கிறார். பிறகு கலத்தில் தனிமையில் இருக்கும் கிர்க்கிடம், வேறெந்தப் பெண்ணுக்கும் காதலுக்காகப் பிரபஞ்சமே காணிக்கையாக நீட்டப்பட்டதில்லை என்ற பொருளில் ஸ்பாக் ஆறுதல் சொல்வதோடு எலிசனின் கதை முடிகிறது. அழகான வரி என்பதில் ஐயமில்லை. தொலைக்காட்சி வடிவத்தில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமும் இல்லை.

ஆயினும் எலிசனின் முடிவில் கிர்க் தப்பித்துக்கொள்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் காதலன் என்ற பட்டத்தோடு வெளியே வருகிறார். இரத்தக் கறை ஸ்பாக்கின் கையில். உண்மையான காதலன் அப்படித்தான் உறைந்து நிற்பான், கேப்டன் என்ற பதவிக்காகப் பாத்திரத்தின் மனித இயல்பைத் தயாரிப்பாளர்கள் மாற்றினார்கள் என்பது எலிசனின் குற்றச்சாட்டு. அவர்கள் மாற்றியதற்குக் காரணம் வாராந்திரத் தொடரின் நாயகனைக் காப்பாற்றும் வணிகக் கணக்காகவே இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், விளைவு துன்பியலின் இலக்கணத்துக்கு நெருக்கமாக வந்து விழுந்தது: தெரிந்தே, விரும்பாமல், தன் கையாலேயே.

இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பலர். திரைக்கதை எலிசனிடமிருந்து வாங்கப்பட்ட பின் ஸ்டீவன் கராபட்சோஸ், ஜீன் கூன், டி.சி. ஃபோன்டானா ஆகியோர் கைமாற்றி எழுத, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இறுதியாகத் திருத்தினார். மெக்காய் தவறுதலாக மருந்தேற்றிக்கொள்ளும் வழியைப் பக்குவமாக அமைத்ததில் ஃபோன்டானாவுக்குப் பெரும் பங்கு உண்டு; எலிசனின் நண்பராகவும் இருந்த அவர் தம் பங்கைப் பல ஆண்டுகள் கழித்தே எழுத்தில் ஒப்புக்கொண்டார். தம் பெயரை நீக்கி, தமக்குப் பிடிக்காத படைப்புகளுக்கு வைத்திருந்த ‘கார்ட்வெய்னர் பேர்ட்’ என்ற புனைபெயரைப் போடும்படி எலிசன் கேட்டார், ராடன்பெரி மறுத்துவிட்டார். பிற்காலத்தில் ராடன்பெரி, எலிசனின் கதையில் பொறியாளர் ஸ்காட்டி போதைப்பொருள் விற்றதாகப் பேட்டிகளில் சொல்லிவந்தார். அது அப்பட்டமான பொய்த் தகவல். அந்தத் திரைக்கதை இன்று அச்சில் கிடைக்கிறது. அதில் அப்படி ஒரு வரியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எலிசனின் கோபத்துக்கு முழு நியாயம் உண்டு.

செலவைப் பற்றிய வாதத்தில் இரு தரப்புக்கும் பாதி நியாயம் இருக்கிறது. எலிசனின் கோளில் உண்மையாகவே ஒரு நகரம் இருந்தது, உயர்ந்த உருவங்கொண்ட காவலர்கள் பலர் இருந்தனர், வரலாறு மாறியதும் எண்டர்பிரைஸ் கடற்கொள்ளையர் கலம்போல மாறிவிடும் ஒரு நீண்ட பகுதியும் இருந்தது. அன்றைய தொலைக்காட்சிக்கு இவை கட்டுப்படியாகா. வெட்டிச் சுருக்கிய பிறகும் படப்பிடிப்பு வழக்கமான ஆறு நாட்களைத் தாண்டியது. செலவு இரண்டரை லட்சம் டாலரை நெருங்கி, முதல் பருவத்தின் செலவுமிக்க அத்தியாயங்களில் ஒன்றானது. நியூயார்க் தெருக்களாக நாம் காண்பவை கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் வேறு தொடர்களுக்கும் பயன்பட்ட திறந்தவெளி அரங்குகள்; கூர்ந்து பார்த்தால் வேறொரு புகழ்பெற்ற தொடரின் சலூன் பெயர்ப்பலகை பின்னால் தெரியும். கடற்கொள்ளையர் பகுதி போனதில் எனக்கு வருத்தமேயில்லை. கலம் மாறுவதைவிட, அது இல்லாமலே போய், தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா வெறும் வானத்தைப் பார்த்து ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்வது எவ்வளவோ மேல்.

ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று தொடக்கத்தில் சொன்னது ‘ட்ரூப்பர்’ என்ற பாத்திரத்தை. எலிசனின் கதையில் பெக்வித்தைக் கண்டுபிடிக்கக் கிர்க்கும் ஸ்பாக்கும் தெருவோரத்தில் பிழைக்கும் ஒரு முன்னாள் படைவீரரின் உதவியை நாடுகிறார்கள். முதல் உலகப் போரில் வெர்டன் போர்முனையில் கால்களை இழந்தவர் அவர். அந்தத் தேடலில் அவர் கொல்லப்படுகிறார். எடித் வாழ்ந்தால் வரலாறு புரண்டுவிடும். இவர் செத்தால் வரலாற்றில் ஒரு தூசும் அசையவில்லை. காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் கிர்க் பொருட்படுத்துகிறார், எழுத்தாளரும் பொருட்படுத்துகிறார். ஒரு பெண்ணின் உயிரை உலகத்தோடு எடைபோடும் கதையில், எடையே இல்லாதவராகக் கருதப்பட்ட ஒருவருக்கும் பெயரும் காயமும் துயரமும் தருவது எவ்வளவு கூரிய எண்ணம்!

ஒளிபரப்பான வடிவத்தில் இதன் எச்சம் ஒன்று மட்டும் இருக்கிறது. இரவில் நியூயார்க்கில் வந்து விழும் மெக்காய் ஒரு தெருப் பிச்சைக்காரரைத் துரத்திப் பிடித்து உளறுகிறார்; மெக்காய் மயங்கியதும் அந்த மனிதர் அவர் உடம்பைத் துழாவி, ஃபேசர் துப்பாக்கியை எடுத்து, என்னவென்று புரியாமல் அழுத்தி, ஒளியாகக் கரைந்து மறைகிறார். யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வரலாறு மட்டுமன்றிக் கதையும் அவரை மறந்துவிடுகிறது. இந்த மரணத்தை வேண்டுமென்றே வைத்த நுட்பம் என்று வாதிடுவோர் உண்டு. நடிகர்கள் முதல் இசை வரை அந்த இடத்தில் அப்படி எண்ண இடம் தருவதாக எனக்குத் தெரியவில்லை. ட்ரூப்பரை வெட்டியபோது ஏற்பட்ட துளையாகவே அதைப் பார்க்கிறேன்.

இன்னொரு விமர்சனத்தையும் தவிர்க்க முடியாது. சமாதானம் பேசியவர் சாக வேண்டும், இல்லாவிட்டால் ஹிட்லர் வெல்வார் என்று ஒரு கதை 1967 ஏப்ரலில் சொன்னால் அது யாருக்குச் சாதகம்? வியட்நாம் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். இந்த அத்தியாயம் ஒளிபரப்பாவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, அதே நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசியிருந்தார். ஒளிபரப்பு நாள் தற்செயலானது என்றாலும், அந்த வாரம் அதைப் பார்த்தவர்களில் சிலருக்காவது இரண்டும் ஒரே மூச்சில் நினைவுக்கு வந்திருக்கும். எடித் சொன்னது சரிதானே, சமாதானம்தானே வழி என்று கிர்க் கேட்க, சரிதான், ஆனால் தவறான காலத்தில் என்று ஸ்பாக் சொல்வதாக வசனம் அமைத்து, கதை ஓரளவு தன்னைக் காத்துக்கொள்கிறது. மனிதர் அணுவின் ஆற்றலை அடக்கி விண்வெளிக்குப் போவார்கள், பசித்த கோடிக்கணக்கானோருக்கு உணவளிக்க வழிகாண்பார்கள் என்று எடித் தன் அன்னசாலையில் சூப் குடிப்பவர்களிடம் பேசும் பேச்சு, ஸ்டார் டிரெக் நம்பும் எதிர்காலத்தின் அறிக்கையேதான். அதாவது அந்த எதிர்காலம் பிறக்க வேண்டுமானால், அதை முதலில் கனவுகண்டவர் சாக வேண்டும். கசப்பான இந்த முரணைக் கதை உணர்ந்தே வைத்திருக்கிறது என்பதால் அதைப் போர்ப் பிரசாரம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஒரே ஒரு சமூகத் தொண்டரால் அமெரிக்கா போரில் இறங்குவது தள்ளிப்போகும் என்பதை வரலாற்று மாணவர் எவரும் ஏற்கமாட்டார் என்பது வேறு விஷயம். 1930களின் அமெரிக்காவில் போர் வேண்டாம் என்ற உணர்வு எவ்வளவு வலுவாக இருந்ததென்றால், 1935 தொடங்கி நடுநிலைச் சட்டங்களே நிறைவேற்றப்பட்டன. அதற்கு ஓர் எடித் கீலர் தேவைப்படவில்லை.

விருதுகளின் கதை இந்தச் சச்சரவுக்குப் பொருத்தமான வேடிக்கை. ஒளிபரப்பான அத்தியாயத்துக்கு 1968இல் சிறந்த நாடக வடிவப் படைப்புக்கான ஹியூகோ என்னும் அறிவியல் புனைகதை விருது கிடைத்தது; அந்த ஆண்டு அப்பிரிவில் போட்டியிட்ட ஐந்துமே ஸ்டார் டிரெக் அத்தியாயங்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதுக்கு எழுத்தாளர் தம் கையெழுத்துப் படியையே அனுப்பலாம் என்பதால் எலிசன் தம் மூலத் திரைக்கதையை அனுப்பினார். அதற்கும் விருது கிடைத்தது. ஒரே கதையின் இரண்டு வடிவங்களும் தனித்தனியே பரிசு பெற்றுவிட்டன. 2009இல் இந்த அத்தியாயத்தின் வழியாக வந்த வணிக வருவாயில் பங்கு கேட்டு எலிசன் வழக்குத் தொடுத்து, அதே ஆண்டு சமரசம் செய்துகொண்டார். 2018இல் மறையும்வரை அவர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. எலிசனின் மூலத் திரைக்கதை, அவருடைய காரசாரமான நீண்ட முன்னுரையுடன் 1996இல் நூலாக வந்தது; 2014இல் அது படக்கதையாகவும் வரையப்பட்டது. முதலில் அத்தியாயத்தைப் பாருங்கள், பிறகு திரைக்கதையைப் படியுங்கள், முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலிசன் வாதாடுவதில் வல்லவர். அவர் குரலை முதலில் கேட்டுவிட்டால், கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் கண்ணை மூடி நிற்கும் அந்தச் சில நொடிகளை எலிசனின் எதிர்த்தரப்புச் சாட்சியமாகவே பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.